தாழம்பூவின் சாட்சி

சென்ற பௌர்ணமி இரவு எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வாக்குவாதம் நடந்தது. எனக்கும் என் அக்கா மகனுக்கும். தெரு நிறையக் கிரிவல ஜனங்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர்கள், தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போகிறவர்கள், பதினான்கு கிலோமீட்டரில் பாதியைக் கூடத் தாண்டாமல் எங்கள் திண்ணையைப் பார்த்து ஏக்கப் பெருமூச்சு விடுகிறவர்கள் என்று பல தினுசு. அவர்களுக்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு ஓர் ஆட்டோ புகுந்தது. உள்ளே நான்கு பேர். ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளும் கோஷ்டி.

"பாத்தீங்களா மாமா, இவங்கதான் புத்திசாலிங்க. ஒரு மணி நேரத்துல சுத்தி முடிச்சுடுவாங்க" என்றான் பையன். அவனுக்குப் பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் உத்தியோகம். வாரத்தில் மூன்று நாள் அங்கே இருப்பான்; மற்ற நாட்களில் எங்கள் வீட்டு மாடியே அவனுக்கு ஆபீஸ்.

"முடிச்சுடுவாங்க, சரி. எதை முடிச்சாங்க?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "உங்க கதையில வேணும்னா நிதானம் அழகா இருக்கும் மாமா. எங்க வேலையில வேகம்தான் எல்லாம். போன வருஷம் பழைய பாஷையைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசுக்கு மாறினோம். ஆறு மாச வேலை மூணு மாசத்துல முடிஞ்சுது."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அப்புறம் எதுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு உனக்குப் போன் வருது?"

"அது வேற மாமா. அது மெயின்டனன்ஸ்."

இந்தக் கடைசி வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. வேலை முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள ஒரு கணக்கு. முடியாத பாக்கியை எழுதிவைக்க இன்னொரு கணக்கு. முதல் கணக்கைக் காட்டி ஒருவர் பதவி உயர்வு வாங்கிக்கொள்கிறார். இரண்டாவது கணக்குக்கு ஓர் இளைஞன் தன் தூக்கத்தைக் கொடுக்கிறான். இந்த ஏற்பாட்டுக்கு வேகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

புரோகிராம் எழுதத் தெரியாத நாவலாசிரியனுக்கு இதில் என்ன ஜோலி என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தத் தொழில்காரர்கள் தங்கள் கருவிக்குப் 'பாஷை' என்று பெயர் வைத்துக்கொண்ட அன்றே என் போன்றவனுக்கும் அதில் ஒரு வார்த்தை சொல்லும் உரிமை வந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். தவிர, எங்கள் வீட்டில் இன்னொரு ஜீவன் இந்த வேகப் பேச்சில் சிக்கிக்கொண்டு திண்டாடுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பாஷையால் வேகமே வருவதில்லை என்று நான் சாதிக்கப்போவதில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். 1957ஆம் வருஷம் ஐ.பி.எம். கம்பெனியில் ஜான் பாக்கஸ் என்பவரும் அவர் குழுவினரும் ஃபார்ட்ரான் என்ற பாஷையை வெளியிட்டார்கள். அதற்கு முன் யந்திரத்துக்குப் புரியும்படி ஒவ்வொரு சில்லறைக் கட்டளையையும் மனிதனே எழுதியாக வேண்டும். ஃபார்ட்ரானில் கணித சூத்திரத்தை ஏறக்குறையக் கணித சூத்திரமாகவே எழுதிவிடலாம். யந்திரக் கட்டளையாக மாற்றும் கூலி வேலையை யந்திரமே பார்த்துக்கொள்ளும். எழுத வேண்டிய வரிகள் இருபதில் ஒரு பங்காகக் குறைந்தன. இதை வேகம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

நம் வீட்டுச் சங்கதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியார் 1935இல் குடி அரசு பத்திரிகையில் புதிய எழுத்து வடிவங்களைக் கையாளத் தொடங்கினார். 1978இல் எம்.ஜி.ஆர். அரசாங்கம் அவற்றில் சிலவற்றுக்கு உத்தரவு போட்டது. யானைத் தும்பிக்கை போல் வளைந்த பழைய 'லை', 'னை', சுழித்துக்கொண்டு நின்ற பழைய 'றா', 'னா' எல்லாம் போய், எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரிக் காலும் ஒரே மாதிரி ஐகாரக் கொம்பும் வந்தன. தமிழ் கெட்டுப்போகும் என்று ஆட்சேபித்தவர்கள் உண்டு. தமிழ் கெடவில்லை. அச்சுக்கோர்ப்பவர் தேட வேண்டிய அறைகள் குறைந்தன; டைப் அடிப்பவர் விரலுக்கும் ஓய்வு கிடைத்தது. கருவியின் வடிவம் மாறினால் வேலையின் வேகம் மாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் எவ்வளவு மாறும், எந்த இடத்தில் மாறும் என்பதே கேள்வி. அதைக் கேட்டால் வேக வியாபாரிகளுக்குக் கோபம் வந்துவிடுகிறது.

2000ஆம் வருஷம் ஜெர்மனியில் லுட்ஸ் பிரெகெல்ட் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு கணக்கெடுத்து வெளியிட்டார். ஒரே காரியத்தைச் செய்யும் எண்பது புரோகிராம்கள், பல ஆட்கள் எழுதியவை, ஏழு பாஷைகளில். பெர்ல், பைதான் போன்ற இலகுவான பாஷைகளில் எழுதியவர்களுக்கு, சி, ஜாவா போன்ற கட்டுக்கோப்பான பாஷைகளில் எழுதியவர்களுக்கு ஆனதில் பாதி நேரம்தான் ஆயிற்று. என் அக்கா மகன் இதோடு நிறுத்திக்கொள்வான். அந்த ஆராய்ச்சியில் அடுத்த வரி ஒன்று உண்டு: பாஷைக்கும் பாஷைக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் குறையாமல், சில சமயம் அதைவிடப் பெரிதாக, ஒரே பாஷையில் எழுதிய ஆளுக்கும் ஆளுக்கும் இடையில் வித்தியாசம் இருந்தது. இன்னொரு விஷயம். இலகுவான பாஷைக்காரர்கள் தங்களுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைத் தாங்களே குறித்து அனுப்பியவர்கள். பிரெகெல்ட் இதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மை நம் விளம்பரக்காரர்களுக்கு வர வேண்டும்.

அப்படியானால் ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பிறவி மேதாவிலாசம் என்று சொல்லிக் கையைக் கழுவிவிடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதிலும் நம்பிக்கை இல்லை. நான் கண்ணால் பார்த்த ஒரு தொழிலை வைத்துச் சொல்கிறேன்.

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, பள்ளிக்கூட விடுமுறையில், இந்த ஊரிலேயே ஓர் அச்சகத்தில் எடுபிடியாக இருந்தேன். கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடிக்கும் சின்ன டிரெடில் அச்சகம். இரண்டு கம்பாசிட்டர்கள். ஒருவர் வாலிபர். ஸ்டிக்கைக் கையில் பிடித்தால் எழுத்துக்கள் கோழி தானியம் கொத்துகிற மாதிரி 'டக் டக்' கென்று விழும். பார்க்கவே ஆனந்தமாக இருக்கும். மற்றவர் கிழவர். ஒரு வரி கோர்த்ததும் நிறுத்துவார். ஸ்டிக்கைக் கண்ணுக்கு நேரே தூக்கி, ஈய எழுத்துக்களைத் தலைகீழாகவும் இடவலம் மாறியும் அப்படியே படிப்பார். பிறகுதான் அடுத்த வரி. முதலாளி அவரை நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருப்பார்.

ஆனால் சாயங்காலம் கணக்குப் பார்த்தால் கிழவரின் வேலைதான் முதலில் யந்திரத்துக்குப் போயிருக்கும். வாலிபரின் வேலை புரூப் போய்த் திரும்பி, குறடால் எழுத்தைப் பிடுங்கி, வேறு எழுத்துச் செருகி, வரி பிதுங்கி, பக்கத்து வரியையும் கலைத்து, மறுபடி புரூப் போயிருக்கும். ஸ்டிக்கில் கண்ட பிழைக்கு ஒரு நொடிதான் செலவு. புரூப்பில் கண்ட பிழைக்குக் கால் மணி. ஐந்நூறு பத்திரிகை அச்சான பிறகு கண்டால் காகிதம் நஷ்டம். ஊருக்கெல்லாம் கொடுத்த பிறகு கண்டாலோ மானம் நஷ்டம். ஒரு தடவை வாலிபர் கோர்த்த பத்திரிகையில் மணமகனின் பெயரும் மணமகளின் தகப்பனார் பெயரும் இடம் மாறி அச்சாகி வந்துவிட்டன. நல்லவேளை, கொடுப்பதற்கு முன் யாரோ பார்த்தார்கள். அன்றைக்கு முதலாளி போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

தொழிலின் வேகம் எங்கே இருக்கிறது என்பதை அன்றே கற்றுக்கொண்டேன். விரல் எவ்வளவு சீக்கிரம் ஓடுகிறது என்பது சின்ன விஷயம். செய்த தவறு எவ்வளவு சீக்கிரம் நம் கண்ணுக்குத் தெரிகிறது, தெரிந்தது எவ்வளவு தெளிவாக நமக்குப் புரிகிறது என்பதுதான் பெரிய விஷயம்.

கம்ப்யூட்டர் உலகத்தின் சரித்திரமும் இதைத்தான் சொல்கிறது. 1983இல் போர்லண்ட் என்ற கம்பெனி டர்போ பாஸ்கல் என்று ஒன்றை ஐம்பது டாலருக்குக் கொண்டுவந்தது. பாஸ்கல் ஒன்றும் புதுப் பாஷை அல்ல. எழுதும் இடமும், எழுதியதைச் சரிபார்த்து யந்திரக் கட்டளையாக மாற்றும் இடமும் ஒன்றாக இருந்ததுதான் அதில் புதுமை. ஒரு சாவியைத் தட்டினால் பிழை இருக்கும் இடத்திலேயே போய் நிற்கும். கிழவர் ஸ்டிக்கைத் தூக்கிப் பார்த்த காரியத்தை யந்திரம் செய்தது. பாஷை பழையதுதான், கருவி மாறியதும் வேலை ஓடியது.

கூகுள் கம்பெனியில் 2007ஆம் வருஷம் ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்சன் என்ற மூவர் ஒரு புதுப் பாஷைக்குத் திட்டம் போட்டார்கள். அவர்களுக்கு அந்த அவகாசம் எப்படிக் கிடைத்தது தெரியுமா? சி பிளஸ் பிளஸ் பாஷையில் எழுதிய ஒரு பெரிய புரோகிராமை யந்திரம் கோர்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகுமாம். அதற்காகக் காத்திருந்த நேரத்தில்தான் பேச்சு ஆரம்பமாயிற்று. 2009 நவம்பரில் வெளியான அந்த 'கோ' பாஷையில் அலங்காரம் குறைவு. சீக்கிரம் கோர்த்து முடிப்பதே அதன் முக்கிய லட்சணங்களில் ஒன்று. முக்கால் மணி நேரம் காத்திருந்து 'அரைப்புள்ளியைக் காணோம்' என்று பதில் வாங்குகிறவனுடைய மனநிலையை, பிரசுராலயத்துக்குக் கதை அனுப்பிவிட்டு ஆறு மாதம் காத்திருந்த என் போன்றவர்கள் நன்றாக அறிவோம்.

ஆகவே கருவி முக்கியம்தான். கருவியால் ஆகாத காரியமும் ஒன்று உண்டு. என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் அந்தக் காரியம். ஃபிரெட் புரூக்ஸ் என்ற அமெரிக்கர், ஐ.பி.எம்.மில் பெரிய வேலையை மேய்த்துக் களைத்தவர், 1986இல் இதை அழுத்தமாகச் சொன்னார். புரோகிராம் வேலையில் இரண்டு வகைக் கஷ்டங்கள் உண்டு: கருவியின் குறையால் வருவது ஒன்று, விஷயத்தின் சிக்கலாலேயே வருவது மற்றொன்று, முதலாவதைக் கருவி தீர்க்கலாம், இரண்டாவதை எந்த மந்திரக் குண்டும் தீர்க்காது என்பது அவர் வாதத்தின் சாரம். நான் கம்ப்யூட்டரில் தமிழ்99 பலகையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். 1999 மாநாட்டுக்குப் பிறகு வந்த நல்ல பலகை அது. பேனாவைவிட இரண்டு மடங்கு வேகம். ஆனால் என் நாவல்கள் பாதிக் காலத்தில் முடிந்தனவா? இல்லை. கதாநாயகி ஏன் அந்த வீட்டை விட்டுப் போகிறாள் என்பது எனக்கே புரியாமல் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். அந்த எட்டு மாதத்தை எந்தப் பலகை குறைக்கும்?

1996 ஜூன் 4ஆம் தேதி தென் அமெரிக்காவில் கூரூ என்ற இடத்திலிருந்து ஐரோப்பியர்கள் ஏரியன் 5 என்ற ராக்கெட்டை முதல் தடவையாக அனுப்பினார்கள். நாற்பது விநாடிக்குள் திசை மாறி வெடித்துச் சிதறியது. அதிலிருந்த புரோகிராம் ஏடா என்ற பாஷையில் எழுதப்பட்டது. அலட்சியமான பாஷையல்ல, பிழை வரக் கூடாது என்பதற்காகவே அமெரிக்க ராணுவ இலாகா முன்நின்று உருவாக்கச் செய்த பாஷை. என்ன நடந்தது? பழைய ஏரியன் 4 ராக்கெட்டுக்கு எழுதியதில் ஒரு பகுதியை அப்படியே எடுத்துப் புதியதில் வைத்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். அந்த வேகத்தைக் குறிக்கும் எண், ஒதுக்கிய சின்ன இடத்தில் அடங்கவில்லை. இத்தனைக்கும் ராக்கெட் கிளம்பிய பிறகு அந்தப் பகுதிக்கு வேலையே கிடையாது! 'இது இங்கே எதற்கு?' என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்கிற பாஷை இன்னும் பிறக்கவில்லை.

இப்போது எல்லாவற்றுக்கும் மேலான கருவி வந்துவிட்டது என்கிறார்கள். வேண்டியதை வாயால் சொன்னால் போதும், செயற்கை அறிவு புரோகிராமை எழுதிக் கொடுத்துவிடும். கொடுக்கத்தான் செய்கிறது, மாடியில் நானே பார்த்தேன். அபாரம்தான். ஆனால் 2025இல் மீட்டர் என்று உச்சரிக்கப்படும் ஓர் அமெரிக்க ஆய்வு ஸ்தாபனம் என்ன கண்டது என்று பாருங்கள். அனுபவமுள்ள பதினாறு புரோகிராம்காரர்கள். அவர்களுக்கு நன்கு பழகிய பெரிய புரோகிராம்களில் 246 வேலைகள். சில வேலைகளுக்குச் செயற்கை அறிவை வைத்துக்கொள்ளலாம், சிலவற்றுக்குக் கூடாது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். நேரம் 24 சதவிகிதம் குறையும் என்று ஆரம்பத்தில் அவர்கள் எதிர்பார்த்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு, 20 சதவிகிதம் குறைந்தது என்று நம்பினார்கள். கடிகாரத்தைப் பார்த்தால் 19 சதவிகிதம் கூடியிருந்தது!

இது அந்த வருஷத்துக் கருவிகளின் கதை. நாளைக்குக் கருவி தேறலாம், கணக்கும் மாறலாம். எனக்கு அந்த 19 பெரிதல்ல. தாமதமாகிக்கொண்டிருக்கும்போதே வேகமாகப் போவதாக நம்பினார்களே, அந்த நம்பிக்கைதான் என்னை அச்சுறுத்துகிறது. கை ஓடிக்கொண்டிருந்தால் காரியம் ஓடுகிறது என்று மனம் எண்ணிக்கொள்கிறது. சுறுசுறுப்பு வேறு, வேகம் வேறு.

இனி எங்கள் வீட்டு ஜீவனைப் பற்றிச் சொல்கிறேன். என் அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ்வழி. கல்லூரி விட்டதும் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போகிறாள். அண்ணன் சீட்டு எடுத்துக் கட்டிய பணம். முதல் வருஷம் ஜாவா படித்தால் வேலை நிச்சயம் என்றார்கள். அது முடிவதற்குள், ஜாவா மெதுவான பாஷை, பைதான்தான் வேகம் என்றார்கள்; அதற்குத் தனிப் பணம். இப்போது அதுவும் வேண்டாம், செயற்கை அறிவுக்குக் கட்டளை எழுதப் படி என்கிறார்களாம். அதற்கும் தனிப் பணம். செருப்புக் கடைக்காரன் கூட இப்படி மாதத்துக்கு ஒரு ஜோடி மாற்றச் சொல்ல மாட்டான்.

ஒரு நாள் அவள் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். "புரோகிராம் ஓட மாட்டேங்குது சித்தப்பா. 'அன்எக்ஸ்பெக்டட் இண்டெண்ட்'னு வருது. நேத்துல இருந்து இதேதான்" என்றாள்.

என் அண்ணன் அரசாங்க அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இண்டெண்ட்டா? சாமான் வேணும்னு கேட்டு எழுதற சீட்டும்மா. யாரோ எதிர்பாராம சீட்டு அனுப்பிட்டாங்க போல" என்றார். முப்பது வருஷம் இண்டெண்ட் போட்ட கை, வேறென்ன சொல்வார்? டெலிபோனில் இருக்கும் மொழிபெயர்ப்பு யந்திரத்தைக் கேட்டாள். 'எதிர்பாராத உள்தள்ளல்' என்றது. "யாரு யாரை உள்ள தள்ளினாங்க சித்தப்பா?" என்று கேட்டாள் குழந்தை. நாங்கள் மூவரும் சிரித்தோம். சிரித்த பிறகு எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

மாடியிலிருந்து என் அக்கா மகன் இறங்கி வந்தான். திரையைப் பார்த்தான். "வரி ஆரம்பத்துல ரெண்டு இடம் ஜாஸ்தியா விட்டிருக்கே. பைதான்ல அந்த இடத்துக்கே அர்த்தம் உண்டு. அதை எடுத்துடு" என்றான். எடுத்தாள். ஓடியது. இரண்டு நாள் தலைவலி இரண்டு நிமிஷத்தில் தீர்ந்தது.

இந்த இரண்டு நாளை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? பைதான் மெதுவான பாஷை என்றா? அந்தப் பெண் மந்தம் என்றா? பயிற்சி நிலையத்தில் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள். அவளும் அதை நம்பத் தொடங்கிவிட்டாள். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் தவறைக் கருவி உடனே கண்டுபிடித்துவிட்டது. கிழவரின் பாதி வேலையைச் செய்துவிட்டது. மறுபாதி, கண்டதைக் கேட்பவருக்குப் புரியும்படி சொல்வது. அதைச் செய்யவில்லை. பெங்களூரிலும் அமெரிக்காவிலும் ஒரு நொடியில் தீரும் பிழை, திருவண்ணாமலையில் இரண்டு நாள் ஆகிறது. வேகம் வேகம் என்று முழங்குகிறவர்கள் இந்த இரண்டு நாளைப் பற்றி என்றைக்காவது வாய் திறந்ததுண்டா?

தமிழபிமானிகளையும் நான் விட்டுவிடப்போவதில்லை. தமிழில் புரோகிராம் எழுத வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. சும்மா சொல்லாமல் செய்தும் காட்டியவர் ஒருவர் உண்டு. முத்தையா அண்ணாமலை என்பவர் 'எழில்' என்ற பாஷையை உருவாக்கி 2009இல் அதைப் பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார். அச்சிடு என்பதற்குப் 'பதிப்பி', நிபந்தனைக்கு 'ஆனால்', 'இல்லை', முடிவுக்கு 'முடி'. அதிலும் ஒரு நயம்: ஆங்கிலத்தில் போல 'ஆனால்' முன்னே வந்து நிற்பதில்லை, நிபந்தனை முன்னே, 'ஆனால்' பின்னே, நாம் பேசுகிற வரிசையிலேயே. பாஷை தெரிந்தவர் செய்த வேலை. அவருக்கு என் வணக்கம்.

ஆனால் அவரைப் பாராட்டி மேடையில் பேசிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களைக் கேட்கிறேன்: பைதானில் இருக்கும் ஒதுக்கப்பட்ட வார்த்தைகள் மொத்தமே முப்பத்தைந்து. அவற்றை ஒரு தமிழ்ப் பெண் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடுவாள். என் அண்ணன் மகள் செய்துவிட்டாள். அவள் கஷ்டம் அந்த முப்பத்தைந்தில் இல்லை. தவறு செய்யும்போதெல்லாம் திரையில் வந்து விழுகிறதே கடிந்துரை, அதில் இருக்கிறது. பிளஸ் டூ வகுப்புக்குப் பைதான் பாடத்தைத் தமிழிலேயே அச்சடித்துக் கொடுத்தாயிற்று. நல்ல காரியம். பாடம் தமிழில், திட்டு ஆங்கிலத்தில் என்றால் பாதிக் கிணறு தாண்டிய கதைதானே?

இது ஆகாத காரியமும் அல்ல. எல்ம் என்ற சின்னப் பாஷையைச் செய்தவர்கள் பிழைச் செய்திகளை மனிதர் பேசும் விதத்தில் எழுதிக் காட்டினார்கள். ரஸ்ட் பாஷைக்காரர்கள் அதைப் பார்த்துத் தங்களுடையதைத் திருத்திக்கொண்டார்கள். பைதான்காரர்களே 2021இல் வெளியிட்ட பதிப்பில் பிழைச் செய்திகளைத் தெளிவாக்கினார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவனுக்கே தெளிவு போதவில்லை என்று அவர்கள் உணர்ந்திருக்கும்போது, செங்கத்திலும் போளூரிலும் இருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்கு 'உள்தள்ளல்' போதும் என்று நாம் நினைப்பது என்ன நியாயம்? அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் போட்டால் வராது. 'இந்த வரியின் தொடக்கத்தில் இடைவெளி கூடுதலாக இருக்கிறது. எடுத்துவிட்டுப் பார்' என்று ஓர் அண்ணன் தங்கைக்குச் சொல்வது போல் நல்ல தமிழ் உரைநடையில் எழுத வேண்டும். அடிக்கடி வரும் பிழைகள் என்று பார்த்தால் சில நூறு இருக்கலாம். புரோகிராம் தெரிந்தவர்கள் நாலு பேரும் தமிழ் தெரிந்தவர்கள் நாலு பேரும் ஒரு கோடை விடுமுறையில் உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடலாம். கூப்பிட்டால் நானும் வருகிறேன். ஐந்நூறு கல்யாணப் பத்திரிகைகளைப் பெயர் மாறி அச்சடித்த அச்சகத்தில் பயின்றவன். பிழையின் விலை எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர்க் கதையை நீங்கள் அறிவீர்கள். ஜோதிப் பிழம்பாக நின்ற அண்ணாமலையாரின் அடியைத் தேடி விஷ்ணு வராகமாகப் பூமியைத் தோண்டிக்கொண்டு போனார்; முடியைத் தேடிப் பிரம்மா அன்னமாகப் பறந்தார். தோண்டுவதை விடப் பறப்பது வேகம். ஆனால் முடியை அவரும் காணவில்லை. வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்குப் பிடித்துக்கொண்டு, 'கண்டேன்' என்று வந்து சொன்னார். விஷ்ணு 'காணவில்லை' என்று ஒப்புக்கொண்டார். பிரம்மாவுக்குக் கோயில் இல்லை என்றும் தாழம்பூவுக்குச் சிவபூஜையில் இடமில்லை என்றும் ஆயிற்று. பறந்ததற்காக யாரும் அவரைத் தண்டிக்கவில்லை. சிறகு நல்ல கருவிதான். காணாததைக் கண்டேன் என்றாரே, அதற்குத்தான் தண்டனை. முடியாத வேலையை முடிந்தது என்று எழுதிவிட்டு, அதற்குச் சாட்சியாக ஒரு சதவிகிதக் கணக்கைக் கொண்டுவந்து நிறுத்துகிற ஒவ்வொரு கம்பெனியிலும் தாழம்பூ வாசனை வீசுகிறது.

அன்று வாக்குவாதம் ஓய்ந்து, கிரிவலக் கூட்டமும் மெலிந்தது. காற்றாட நான் திண்ணையிலேயே படுத்துக்கொண்டேன். இரண்டு மணி இருக்கும். மாடியில் போன் அடித்தது. விளக்கு எரிந்தது. ஒரு மணி நேரம் சாவிகள் தட்டும் சத்தம். பிறகு தண்ணீர் குடிக்க அவன் கீழே வந்தான்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். "இல்ல மாமா. இப்போதைக்கு ஓட வெச்சிருக்கேன். ஏன் இப்படி ஆகுதுன்னு இன்னும் அடி தெரியல."

சாயங்காலம் முதல் அவன் பேசிய பேச்சில் எனக்குப் பிடித்த பேச்சு அதுதான்.